வாடிக்கையாளர் வீட்டு விவரம் யாருக்குச் சொந்தம்?

மளிகைக் கடைக்காரருக்கு ஊர்க் கதை முழுவதும் தெரியும் என்பார்கள். அது பொய்யில்லை. மாதச் சாமான் பட்டியலைப் பார்த்தாலே அந்த வீட்டின் நிலைமை நமக்குப் புரிந்துவிடும். 25 கிலோ சிப்பம் வாங்கியவர் 10 கிலோவுக்கு இறங்கினால் கையில் முடை. சர்க்கரை குறைந்து கேழ்வரகும் வெந்தயமும் கூடினால் யாருக்கோ நீரிழிவு. பால் பவுடர் டின் கேட்டால் வீட்டுக்குக் குழந்தை வந்திருக்கிறது. இதையெல்லாம் நாம் வேவு பார்த்துத் தெரிந்துகொள்வதில்லை. சாமான் கட்டும்போது தானாகவே கண்ணில் படுகிறது.

பல ஆண்டுகளுக்கு முன் எங்கள் கடையில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு வாடிக்கையாளருக்குப் பற்று நோட்டில் இரண்டு மாதப் பாக்கி நின்றது. கல்லாவுக்கு அருகே நின்ற வேறொருவரிடம், "அந்த வீட்டுக்கு இப்பல்லாம் அரிசியே பாதிதான் போகுது அண்ணே" என்று கடைப் பையன் விளையாட்டாகச் சொல்லிவிட்டான். அவன் சொன்னதில் பொய் இல்லை. ஆனால் பேச்சு போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. மறுமாதம் அவர் வந்து பாக்கியைப் பைசா குறையாமல் எண்ணி வைத்தார். "கணக்கை முடிச்சிடுங்க அண்ணாச்சி" என்றார். அதற்குப் பிறகு அவர் எங்கள் கடைப் படி ஏறவில்லை. பாக்கி வந்தது, 12 ஆண்டு வாடிக்கை போனது.

பையனைக் கண்டித்தேன். ஆனால் அவன் செய்த தவறு இன்னதுதான் என்று அவனுக்கு விளக்க எனக்கு அப்போது தெரியவில்லை. உண்மையைத்தானே சொன்னேன் என்று அவன் கேட்டான். அந்தக் கேள்விக்கு விடை, கொஞ்சமும் எதிர்பாராத இடத்தில் கிடைத்தது. "ஸ்மார்ட் ஹோம்" எனப்படும் வீட்டுக் கருவிகளால் மனிதரின் அந்தரங்கம் என்ன ஆகிறது என்று அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் முனைவர் பட்ட மாணவர்களும் பேராசிரியர்களும் செய்துவரும் ஆராய்ச்சிகளில்தான் அது இருந்தது. நம் வணிகப் பெருமக்கள் அறிந்துகொள்ள வேண்டிய செய்தி என்பதால் இங்கே சுருக்கமாக விளக்குகிறேன்.

ஸ்மார்ட் ஹோம் என்றால் என்ன?

வீட்டில் உள்ள விளக்கு, விசிறி, பூட்டு, கேமரா, தொலைக்காட்சி, மின் மீட்டர் முதலியவற்றை இன்டர்நெட்டுடன் இணைத்து, செல்போன் மூலமாகவோ வாய்ப்பேச்சாலோ இயக்குவதைத்தான் இப்படிச் சொல்கிறார்கள். அமெரிக்காவில் அமேசான் நிறுவனம் 2014-ல் "எக்கோ" என்ற பேசும் ஸ்பீக்கரை வெளியிட்டது. அதே ஆண்டில் கூகுள் நிறுவனம், வீட்டின் குளிர் வெப்பத்தைத் தானே சரிசெய்யும் கருவி தயாரித்த "நெஸ்ட்" கம்பெனியை 320 கோடி டாலர் கொடுத்து வாங்கியது. வாசல் மணியில் கேமரா வைத்து விற்ற "ரிங்" கம்பெனியை அமேசான் 2018-ல் வாங்கியது.

இக்கருவிகளால் நன்மை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. தனியாக வாழும் முதியவர் விழுந்துவிட்டால் மகனுக்குத் தகவல் போகிறது. படுத்த படுக்கையாக இருப்பவர் வாயால் சொல்லியே விளக்கை அணைக்கலாம். ஊருக்குப் போனவர் தன் வீட்டு வாசலைப் பார்த்துக்கொள்ளலாம்.

ஆனால் வேலை நடக்கும் விதத்தைக் கவனிக்க வேண்டும். பேசும் ஸ்பீக்கர் தன் பெயரைக் கூப்பிடும் வரை காத்திருக்கும். பெயர் காதில் விழுந்ததும், அடுத்து வரும் பேச்சைப் பதிவு செய்து, எங்கோ இருக்கும் கம்பெனியின் கம்ப்யூட்டருக்கு அனுப்பும். பொருளைப் புரிந்துகொள்ளும் வேலை பெரும்பாலும் அங்கேதான் நடக்கிறது. ஆக, வீட்டுக்குள் பேசிய பேச்சு வீட்டைவிட்டு வெளியே போய்த்தான் திரும்புகிறது. சில சமயம் பெயரைப் போன்ற வேறு சொல்லைக் கேட்டும் கருவி விழித்துக்கொள்ளும். 2019-ல் பெல்ஜியம் நாட்டு ஒலிபரப்பு நிறுவனமான வி.ஆர்.டி., கூகுள் கருவிகளில் பதிவான 1,000-க்கும் மேற்பட்ட துணுக்குகளைக் கேட்டுப் பார்த்தது. அவற்றில் 153, யாரும் கூப்பிடாமலே பதிவானவை. கருவியின் செவியைச் சீர்படுத்துவதற்காக அவற்றைச் சம்பளத்துக்கு ஆட்கள் உட்கார்ந்து கேட்டார்கள் என்பதும் அப்போதுதான் பலருக்குத் தெரிந்தது.

மின் மீட்டர் சொல்லும் கதை

கேமராவும் மைக்கும் இருந்தால்தானே ஆபத்து, மற்றக் கருவிகளால் என்ன என்று கேட்கலாம். இதற்கு விடை 1980-களிலேயே கிடைத்துவிட்டது. எம்.ஐ.டி. எனப்படும் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஜார்ஜ் ஹார்ட் என்ற ஆராய்ச்சியாளர் ஒரு முறையைக் கண்டுபிடித்தார். வீட்டுக்குள் நுழையாமலே, மொத்த மின்சாரம் ஏறி இறங்குவதை மட்டும் பார்த்து, எந்த நேரத்தில் எந்தச் சாதனம் ஓடியது என்று பிரித்துச் சொல்லலாம். பிரிட்ஜ் ஓடினால் ஓர் அளவு ஏறும், ஹீட்டர் போட்டால் வேறோர் அளவு ஏறும். தராசுத் தட்டு இறங்குவதைப் பார்த்தே எந்தப் படிக்கல் விழுந்தது என்று சொல்வதைப் போல.

இதனால் வீட்டார் எப்போது எழுந்தார்கள், எப்போது சமைத்தார்கள், எப்போது வீடு பூட்டிக் கிடந்தது என்பதெல்லாம் தெரிந்துவிடும். தன் கண்டுபிடிப்பு வேவு பார்க்கவும் உதவும் என்பதை ஹார்ட் அவர்களே 1989-ல் பொறியாளர்களுக்கான ஒரு பத்திரிகையில் எழுதி எச்சரித்தார்.

அந்த எச்சரிக்கை பின்னாளில் நீதிமன்றம் ஏறியது. அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்து நேப்பர்வில் நகரசபை, 15 நிமிடத்துக்கு ஒரு முறை கணக்கெடுக்கும் மீட்டர்களை வீடுகளுக்குப் பொருத்தியது. குடிமக்கள் வழக்குத் தொடுத்தார்கள். இப்படிக் கணக்கெடுப்பது, அரசாங்கம் வீட்டைச் சோதனையிடுவதற்குச் சமம் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2018-ல் கூறியது. மின் விநியோகத்தைச் சீராக்கும் நோக்கத்துக்காகச் செய்வதால் இது நியாயமான சோதனைதான் என்று அனுமதித்தது. அதே சமயம், போலீஸ் எளிதில் பார்க்கும்படி இருந்தாலோ, இன்னும் நெருக்கமாகக் கணக்கெடுத்தாலோ முடிவு மாறக்கூடும் என்றும் எச்சரித்தது.

தார்ப்பாய் கட்டிய லாரி

"விவரங்களைப் பூட்டித்தான் அனுப்புகிறோம். வழியில் யாரும் படிக்க முடியாது" என்று கம்பெனிகள் சொல்வதுண்டு. சங்கேத முறையில் மாற்றி அனுப்புவது உண்மைதான். ஆனால் அது போதுமா என்று நியூஜெர்சியில் உள்ள பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆராய்ச்சி மாணவர்களும் பேராசிரியர்களும் 2017-ஐ ஒட்டிச் சோதித்தார்கள். தூக்கத்தைக் கணக்கிடும் கருவி, வீட்டுக் கேமரா, இன்டர்நெட் சுவிட்ச், பேசும் ஸ்பீக்கர் என்று நான்கு கருவிகளை எடுத்துக்கொண்டு, பூட்டிய செய்தியைத் திறக்காமல், எந்த நேரத்தில் எவ்வளவு செய்தி போகிறது என்பதை மட்டும் குறித்தார்கள்.

அதுவே போதுமானதாக இருந்தது. வீட்டுக்காரர் படுத்த நேரமும் எழுந்த நேரமும் தெரிந்தன. கேமரா முன்னால் அசைவு ஏற்பட்டது தெரிந்தது. சுவிட்சைப் போட்டதும் அணைத்ததும் தெரிந்தன.

மொத்த வியாபாரிகளுக்கு இதில் வியப்பு இருக்காது. எதிர்க் கடைக்கு வரும் லாரி தார்ப்பாய் கட்டித்தான் வருகிறது. உள்ளே என்ன சரக்கு என்று கண்ணுக்குத் தெரியாது. ஆனால் எத்தனை லாரி, எந்த நாளில், எந்த ஊர் நம்பரில் வந்தது என்று வாசலில் நின்று எண்ணினாலே, அவர் எந்தச் சரக்கைப் பிடித்து வைக்கிறார் என்று சொல்லிவிடுவோம். பிரின்ஸ்டனில் செய்ததும் இதேதான்.

ஆராய்ச்சி மாணவர் என்ன செய்கிறார்?

கருவியைச் சோதிப்பது ஒரு பாதி. மனிதர்களிடம் கேட்பது மறு பாதி. அதே பல்கலைக்கழகத்தார், ஸ்மார்ட் ஹோம் வைத்திருக்கும் 11 பேரிடம் விரிவாகப் பேசி அதன் முடிவை 2018-ல் வெளியிட்டார்கள். வசதிதான் எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்கிறது என்று தெரிந்தது. கருவி செய்த கம்பெனியை மக்கள் நம்புகிறார்கள், ஆனால் அந்த நம்பிக்கை சரிதானா என்று சோதித்துப் பார்ப்பதில்லை. மைக்கும் கேமராவும் இல்லாத கருவிகளும் வீட்டு நடப்பைக் காட்டிக் கொடுக்கும் என்பதை அவர்கள் அறிந்திருக்கவில்லை.

இன்னோர் ஆய்வில் 1,731 அமெரிக்கர்களிடம் கேள்வித்தாள் கொடுத்தார்கள். இன்ன கருவி, இன்ன விவரத்தை, இன்னாருக்கு, இன்ன நிபந்தனையில் அனுப்பலாமா என்று 3,840 விதமாக மாற்றி மாற்றிக் கேட்டார்கள். உரியவர் சம்மதித்திருந்தால் பரவாயில்லை என்ற பக்கமே பலர் சாய்ந்தார்கள். விளம்பரத்துக்குப் பயன்படுத்துவதையும், காலவரையறை இல்லாமல் சேர்த்து வைப்பதையும் பெரும்பாலும் விரும்பவில்லை.

இக்கேள்விகளுக்கு அடிப்படையாக அமைந்தது ஹெலன் நிஸன்பாம் என்ற பேராசிரியை 2004-ல் முன்வைத்த கொள்கை. அந்தரங்கம் என்பது எல்லாவற்றையும் மூடி மறைப்பதல்ல என்கிறார் அவர். ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு முறை உண்டு. யாருடைய விவரம், என்ன விவரம், யார் சொல்கிறார், யாருக்குச் சொல்கிறார், என்ன நிபந்தனையில் சொல்கிறார் என்ற ஐந்தும் அந்த இடத்தின் முறைக்குப் பொருந்த வேண்டும். ஒன்று மாறினாலும் முறை கெடும். நோயாளி தன் நோயை டாக்டரிடம் சொல்வது முறை. அதையே டாக்டர் நோயாளியின் முதலாளியிடம் சொன்னால் முறைகேடு. விவரம் ஒன்றுதான், போய்ச் சேர்ந்த இடம்தான் வேறு.

எங்கள் கடைப் பையனுக்கு நான் சொல்லத் தெரியாமல் நின்ற விடை இதுதான். அரிசி பாதியானது எங்களுக்குத் தெரிந்ததில் தவறு இல்லை. அந்த வாடிக்கையாளர் சாமான் வாங்குவதற்காகத்தான் அதை எங்களுக்குத் தெரிய விட்டார். ஊருக்குத் தெரிவதற்காக அல்ல.

இங்கே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் ஒரு மாணவர் மனிதர்களை வைத்து ஆய்வு செய்ய வேண்டுமானால், பொதுவாக முதலில் நெறிமுறைக் குழுவின் பார்வைக்குப் போக வேண்டும். ஆய்வின் நோக்கத்தைப் புரியும்படி சொல்லிச் சம்மதம் வாங்க வேண்டும். வேண்டாம் என்று தோன்றினால் பாதியில் விலகிக்கொள்ளும் உரிமை தர வேண்டும். மனிதருக்கு மதிப்பு, நன்மை செய்தல், நீதி என்ற மூன்று நெறிகளை 1979-ல் வெளியான பெல்மாண்ட் அறிக்கை அங்கே வகுத்துக் கொடுத்தது. 11 பேரிடம் பேசுகிற மாணவருக்கு இவ்வளவு கட்டுப்பாடு. லட்சக்கணக்கான வீடுகளில் மைக்கும் கேமராவும் வைக்கிற வியாபாரத்துக்கோ, படிக்க முடியாத நீளத்தில் ஒரு நிபந்தனைப் பட்டியலும் அடியில் ஒரு "சரி" பொத்தானும் போதும் என்ற நிலை நெடுங்காலம் இருந்தது.

நடந்த தவறுகள்

இது வெறும் ஏட்டுச் சுரைக்காய் அல்ல. அமெரிக்க மத்திய வணிக ஆணையம் எடுத்த சில நடவடிக்கைகளைப் பாருங்கள்.

விசியோ என்ற தொலைக்காட்சிக் கம்பெனி, 1 கோடியே 10 லட்சம் பெட்டிகளில் மக்கள் எந்தக் காட்சியைப் பார்க்கிறார்கள் என்று நொடிக்கு நொடி சேகரித்து, அந்த விவரத்தைப் பிறருக்கு விற்றதாகக் குற்றம் சாட்டப்பட்டது. 2017-ல் 22 லட்சம் டாலர் கட்டி வழக்கைத் தீர்த்துக்கொண்டது.

ரிங் கம்பெனி, ஊழியர்களும் ஒப்பந்த ஆட்களும் வாடிக்கையாளரின் வீட்டுப் படங்களைப் பார்க்க வழிவிட்டதாக 2023-ல் வழக்கு வந்தது. ஓர் ஊழியர் 2017-ல் பல மாதங்களாகக் குறைந்தது 81 பெண்களின் கேமராப் பதிவுகளை ஆயிரக்கணக்கில் பார்த்தார் என்றும், படுக்கையறையிலும் குளியலறையிலும் வைத்த கேமராக்கள் அவற்றில் அடங்கும் என்றும் ஆணையம் கூறியது. உடன் வேலை பார்த்த இன்னோர் ஊழியர் கண்டுபிடித்துச் சொன்ன பிறகே அது நின்றது. கம்பெனி 58 லட்சம் டாலர் கட்டச் சம்மதித்தது. அதே காலத்தில், குழந்தைகளின் குரல் பதிவுகளைத் தேவைக்கு மேல் வைத்திருந்ததாகவும், பெற்றோர் அழிக்கச் சொன்னபோதும் முழுதாக அழிக்கவில்லை என்றும் அமேசான் மீது வழக்கு வந்து, 2 கோடியே 50 லட்சம் டாலர் அபராதத்தில் முடிந்தது.

சம்மதக் கையெழுத்து இருந்தும் தவறு நடந்ததற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. ரூம்பா என்ற தரை பெருக்கும் இயந்திரத்தின் சோதனை மாதிரிகள் 2020-ல் எடுத்த படங்கள், கழிப்பறையில் அமர்ந்திருந்த பெண்ணின் படம் உட்பட, பேஸ்புக் போன்ற இடங்களில் பரவியதை 2022 டிசம்பரில் எம்.ஐ.டி. டெக்னாலஜி ரிவ்யூ பத்திரிகை வெளிப்படுத்தியது. பதிவு செய்ய ஒப்புக்கொண்டுதான் அந்த வீட்டார் இயந்திரத்தை வாங்கி வைத்தார்கள். ஆனால் படங்களை வகைப்படுத்தும் கூலி வேலைக்காக அவை வேறொரு நாட்டுக்குப் போகும், அங்கிருந்து கசியும் என்று யார் நினைத்திருப்பார்கள்?

வாங்கியவர் சம்மதித்தார், சரி. வீட்டுக்கு வந்த விருந்தாளி சம்மதித்தாரா? சமையல் வேலைக்கு வரும் அம்மா சம்மதித்தாரா? பக்கத்து வீட்டுக்காரர்? இங்கிலாந்தில் ஒருவர் திருட்டுப் பயத்தால் வைத்த வாசல் கேமராக்கள் பக்கத்து வீட்டாரைத் தொல்லைப்படுத்தியதாக வழக்கு வந்தது. 2021 அக்டோபரில் ஆக்ஸ்போர்டு நீதிமன்றம் வழக்குத் தொடுத்தவர் பக்கம் தீர்ப்பளித்தது. படத்தைக் காட்டிலும் தொலைவில் பேசும் பேச்சைப் பிடிக்கும் மைக் அதிகத் தொல்லை என்பது நீதிபதியின் கருத்து.

நம் கடைக்கு இதில் என்ன?

நம் கடைகளிலும் கேமரா வந்துவிட்டது. பில் போடும்போது செல்போன் நம்பர் கேட்கிறோம். வாட்ஸ்அப்பில் சாமான் பட்டியல் வருகிறது. பற்று நோட்டு கம்ப்யூட்டருக்குள் போய்க்கொண்டிருக்கிறது. ஆகவே நாமும் அந்தக் கம்பெனிகளைப் போலச் சிறிய அளவில் பிறர் விவரத்தை வைத்திருப்பவர்களே.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்டு 24-ல் தீர்ப்பளித்தது. அதைத் தொடர்ந்து டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-ல் நிறைவேறியது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. முக்கியக் கடமைகளுக்கு அதிலிருந்து 18 மாத அவகாசம் தரப்பட்டது. எதற்காகக் கேட்கிறோம் என்று சொல்லி விவரத்தை வாங்க வேண்டும், சொன்ன காரியத்துக்கே பயன்படுத்த வேண்டும், பத்திரமாக வைக்க வேண்டும் என்பதே சட்டத்தின் சாரம். பெரிய தவறுகளுக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இடமுண்டு. காகித நோட்டில் மட்டும் இருக்கும் கணக்கு இச்சட்டத்துக்குள் வராது. கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டால் வரும். ஒருவர் தன் வீட்டு உபயோகத்துக்காக வைத்திருக்கும் விவரத்துக்கு விலக்கு உண்டு. அந்த விலக்கு கடைக்குக் கிடையாது.

கீழ்க்கண்டவற்றை நம் உறுப்பினர்கள் கவனத்தில் கொள்வது நலம்:

1. கேமராவோடு வரும் பாஸ்வேர்டை அன்றே மாற்றுங்கள். பொருத்த வந்தவர் வைத்த பாஸ்வேர்டையும் மாற்றுங்கள். 2016 அக்டோபர் 21-ல் அமெரிக்காவில் பல பெரிய இணைய நிறுவனங்கள் மணிக்கணக்கில் முடங்கின. பாஸ்வேர்டு மாற்றாமல் விட்ட கேமராக்களையும் பதிவுப் பெட்டிகளையும் திருட்டுத்தனமாக வசப்படுத்தித்தான் அந்தத் தாக்குதல் நடந்தது.

2. கேமரா கல்லாவையும் சரக்கையும் பார்க்கட்டும். எதிர்வீட்டு வாசலையும், ஊழியர் உடை மாற்றும் இடத்தையும் பார்க்க வேண்டாம். மைக் இருந்தால் அணைத்துவிடுங்கள்.

3. "இங்கே கேமரா உள்ளது" என்று கண்ணில் படும்படி எழுதி வையுங்கள். பதிவை யார் பார்க்கலாம், எத்தனை நாளில் அழிப்பது என்று முடிவு செய்து அதன்படி நடங்கள்.

4. பில்லுக்காக வாங்கிய நம்பரைச் சீட்டுக் கம்பெனிக்கோ விளம்பரக்காரருக்கோ கொடுக்க வேண்டாம். நம்பர் தர மறுப்பவருக்கும் முகம் கோணாமல் பில் போடுங்கள்.

5. கடையில் நடந்த வேடிக்கையை, திருட்டு என்று சந்தேகப்பட்டவர் படத்தை, வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். உண்மையாகவே திருட்டு என்றால் பதிவைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டிய இடம் காவல் நிலையம்.

6. வேலைக்குச் சேரும் பையனிடம் விலைப்பட்டியலோடு இதையும் சொல்லிக் கொடுங்கள்: கட்டிய பொட்டலத்தைப் பற்றிக் கடையில் பேச்சில்லை.

பெரிய கம்பெனிகளோடு நாம் விலையில் போட்டி போட முடியாமல் இருக்கலாம். வாடிக்கையாளர் வீட்டு விவரத்தைச் சேர்த்து விற்கிற ஆற்றலும் நமக்கு இல்லை, அந்த ஆசையும் நமக்கு வேண்டாம். மூன்று தலைமுறை பற்று நோட்டை ஒருவருக்கும் காட்டாமல் இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டிய கடைகள் நம்மிடையே இன்னும் இருக்கின்றன. அந்தப் பூட்டுக்கு இருக்கும் மதிப்பு எவ்வளவு என்பதை 12 ஆண்டு வாடிக்கை ஒன்றை இழந்துதான் நான் கற்றுக்கொண்டேன். மற்ற உறுப்பினர்கள் இழக்காமலே கற்றுக்கொள்ளலாம் என்பதற்காகவே இதை எழுதினேன்.